கண்ணன் கதையை வயது பார்த்துச் சொல்லுங்கள்

கண்ணனின் சின்ன வயதுக் கதைகள் நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்த விதம்தான் கலைந்து கிடக்கிறது. பூதனை முடிந்ததும் காளியன், அப்புறம் வெண்ணெய், உடனே மலை, நடுவில் ஒரு கொக்கு அசுரன் என்று நினைவுக்கு வந்த வரிசையில் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொன்னால் எல்லாக் கதையும் ஒரே கதையாகிவிடும்: ஓர் அசுரன் வந்தான், கண்ணன் கொன்றான். நான்காவது அசுரன் வரும்போது கேட்கிற குழந்தைக்குச் சலித்துவிடும். அதில் குழந்தையின் குற்றம் எதுவும் இல்லை.

பாகவதத்தின் 10ஆம் ஸ்கந்தத்தில், அதாவது பெரும்பிரிவில், 90 அத்தியாயங்கள். ஆயர்பாடிக் கதைகள் ஏறக்குறைய முதல் 39 அத்தியாயங்களில் அடங்கிவிடும். இவற்றை வரிசையாகப் படித்தால் ஒன்று தெளிவாகும். குழந்தை எங்கே இருக்கிறான் என்பதை வைத்துத்தான் கதை நகர்கிறது. முதலில் தொட்டிலும் மடியும், அடுத்து முற்றம், பிறகு கன்று மேய்க்கிற ஆற்றங்கரை, அதற்கும் பிறகு மாடு மேய்க்கிற காடு. ஆபத்தும் அந்தந்த வயதுக்கு ஏற்ற இடத்தில்தான் வருகிறது. பால் குடிக்கிற குழந்தைக்கு முலையில் நஞ்சு. குப்புற விழப் பழகும் குழந்தைக்கு மேலே நிற்கும் வண்டி. உட்காரத் தெரிந்த குழந்தைக்குச் சூறைக்காற்று. இந்த வரிசையைக் கலைத்தால் கதையின் எலும்பே உடைந்துவிடும்.

பூதனையை எடுத்துக்கொள்வோம். நந்தகோபர் அப்போது ஊரில் இல்லை. கம்சனுக்கு வரி கட்ட மதுரா போயிருக்கிறார். அங்கே வசுதேவர் அவரைப் பார்த்து, கோகுலத்தில் கெட்ட குறிகள் தெரிகின்றன, சீக்கிரம் திரும்பிப் போங்கள் என்கிறார். அவர் வழியில் இருக்கும்போதே இங்கே பூதனை வந்துவிடுகிறாள். இந்தப் பின்னணியை விட்டுவிட்டு நேராக அரக்கியைக் கொண்டுவந்தால் கதையில் பதற்றம் இருக்காது. அவள் நெருங்கும்போது குழந்தை என்ன செய்தான் என்பதையும் பாகவதம் சொல்கிறது: கண்ணை மூடிக்கொண்டான். ஏன் மூடினான் என்று உரைகாரர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைகளுக்குச் சொல்லும்போது காரணம் சொல்ல வேண்டாம், அவர்களிடமே கேளுங்கள். அவர்கள் சொல்வதும் உரைகளோடு வைக்கத் தக்கதாகத்தான் இருக்கும்.

அவள் விழுந்த பிறகு நடப்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் கதையின் உயிர். யசோதையும் ரோகிணியும் மற்ற ஆய்ச்சியரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, பசுவின் வாலை அவனைச் சுற்றி வீசுகிறார்கள். கோமியத்தால் குளிப்பாட்டி, பசுவின் குளம்படித் தூளைப் பூசி, உடம்பின் 12 இடங்களில் சாணத்தைத் தொட்டுத் திருமாலின் பெயர்களைச் சொல்லிக் காப்பிடுகிறார்கள். யாருக்குக் காப்பு, யார் பெயரால் என்று பாருங்கள். அவர்களுக்கு அது தெரியாது. பிள்ளைக்குத் திருஷ்டி பட்டிருக்கிறது, கழிக்க வேண்டும், அவ்வளவுதான். ஊரார் பூதனையின் உடலைக் கோடரியால் வெட்டி எரித்தபோது அகில் மணம் வந்தது என்பதையும் விட்டுவிடாதீர்கள். கெட்ட எண்ணத்தோடு வந்தாலும் பால் கொடுத்தவள் அல்லவா, அவளுக்கும் ஒரு தாயின் கதி கிடைத்தது என்பதற்கு அந்த மணமே சாட்சி.

பூதனையும் நூலுக்கு நூல் வேறுபடுகிறாள். பாகவதத்தில் அழகான பெண்ணாக, பூ வைத்த கூந்தலோடு பகிரங்கமாக வருகிறாள். மகாபாரதத்தின் பிற்சேர்க்கையான ஹரிவம்சத்தில் நடுராத்திரியில் பறவை வடிவில் வருகிறாள். இரண்டையும் ஒரே மூச்சில் கலந்து சொன்னால், பறவை எப்போது பெண்ணானது என்று பிள்ளை கேட்கும். ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு சொல்வது நல்லது.

அடுத்தது சகடம், அதாவது வண்டி. குழந்தை புரளத் தொடங்கியதற்கான சடங்கு அன்று; அவனது பிறந்த நட்சத்திரமும் கூடிய நாள். வீடு நிறைய விருந்தாளிகள். யசோதை குழந்தையைக் குளிப்பாட்டி, தூங்கியவனை வண்டிக்கு அடியில் நிழலில் கிடத்திவிட்டு, வந்தவர்களைக் கவனிக்கப் போகிறாள். அவன் விழித்துப் பாலுக்கு அழுகிறான், காலை உதைக்கிறான். வண்டி கவிழ்கிறது. சக்கரமும் அச்சும் கழன்று, ஏர்க்கால் முறிந்து, மேலே இருந்த பாத்திரங்கள் நொறுங்குகின்றன. பாகவத மூலத்தில் வண்டிக்குள் அசுரன் இருந்ததாகச் சொல்லப்படவில்லை. தமிழில் ஆண்டாள் ‘கள்ளச் சகடம்’ என்று பாடும்போது அங்கே அசுரன் புகுந்திருக்கிறான். இரண்டும் நமக்குச் சொந்தம்தான். எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து சொன்னால் போதும்.

இந்தக் கதையில் சிறிய இடம் ஒன்று உண்டு. வண்டி எப்படிக் கவிழ்ந்தது என்று பெரியவர்கள் திகைத்து நிற்கும்போது, பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்கள், ‘இவன்தான் அழுதுகொண்டே உதைத்தான்’ என்கிறார்கள். பிள்ளைகள் பேச்சு என்று பெரியவர்கள் நம்பவில்லை. பார்த்தவர்கள் பிள்ளைகள், நம்பாதவர்கள் பெரியவர்கள். இது ஒரு தடவையோடு நிற்பதில்லை. மருதமரங்கள் விழும்போதும் சாட்சி சிறுவர்களே. அகாசுரன் செத்த செய்தியை ஊருக்குக் கொண்டு வருபவர்களும் சிறுவர்களே. கேட்கிற குழந்தைகளின் பக்கத்தில் நின்று பேசுகிற கதைகள் இவை. சொல்லும்போது அந்தச் சிறுவர்களை விட்டுவிட்டு அசுரனுக்கு மட்டும் குரல் மாற்றி நடித்தால், கதை பெரியவர்களுடையதாகிவிடும்.

திருணாவர்த்தன் வரும்போது கண்ணனுக்கு ஒரு வயது. யசோதையின் மடியில் இருந்தவன் திடீரென்று கனத்துப்போகிறான். தாங்க முடியாமல் தரையில் வைக்கிறாள். அந்த இடைவெளியில் சூறைக்காற்று அவனைத் தூக்கிக்கொண்டு போகிறது. மேலே போனபின் அதே கனம் அசுரனை அழுத்துகிறது. தாய்க்குக் கனத்ததும் அசுரனுக்குக் கனத்ததும் ஒரே கனம். முதல் பாதியைச் சொல்லாமல் இரண்டாம் பாதியைச் சொன்னால் பயனில்லை.

இனி வாய்க்குள் உலகம் தெரிந்த கதை. இதை ஒரு தடவை நடந்ததாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். பாகவதத்திலேயே இரண்டு தடவை வருகிறது. முதல் தடவை, திருணாவர்த்தனுக்குப் பிறகு, பால் குடித்து முடித்த குழந்தை கொட்டாவி விடும்போது. இரண்டாவது, மண் தின்றான் என்று பலராமனும் மற்ற பிள்ளைகளும் புகார் சொன்னபோது. இரண்டாவதில் யசோதை அந்த வாய்க்குள் வானத்தையும் மலைகளையும் கடலையும் மட்டும் பார்க்கவில்லை. தன் ஊரையும், அங்கே நிற்கிற தன்னையும் பார்க்கிறாள். அங்கேதான் அவள் நடுங்குகிறாள். இது கனவா, மாயையா, எனக்குத்தான் புத்தி கலங்கிவிட்டதா என்கிறாள். அடுத்த கணம் எல்லாம் மறந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள்.

பெரியாழ்வார் இதையே வேறு இடத்தில் வைக்கிறார். அவர் பாட்டில் மண்ணும் இல்லை, புகாரும் இல்லை. யசோதை பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள். கையையும் காலையும் நீட்டி நிமிர்த்தி, அண்டாவில் காய்ச்சிய நீரை மெல்ல ஊற்றி, பசுமஞ்சளால் தேய்த்துவிட்டு, நாக்கு வழிப்பதற்காக வாயைத் திறக்க வைக்கிறாள். ‘வையம் ஏழும் கண்டாள் பிள்ளை வாயுளே’. நம் வீடுகளில் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கமே வேண்டாம். அவருடைய 473 பாசுரங்களில் முதல் பகுதி முழுக்க இப்படிப்பட்ட வேலைகள்தான்: தாலாட்டு, நிலாவைக் கூப்பிடுவது, சப்பாணி கொட்டுவது, தளர்நடை, காது குத்துவது, எண்ணெயும் புளிப்பழமும் வைத்துக்கொண்டு குளிக்கக் கூப்பிடுவது, பூச்சூட்டுவது, அந்தியில் காப்பிடுவது. அசுரவதங்கள் இந்த வேலைகளுக்கு நடுவே ஒரு வரியில் வந்துபோகும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்வதென்றால் பாகவதத்தை விட இந்த அளவுதான் சரி. குளிப்பாட்டும்போது ஒரு துண்டு, சோறூட்டும்போது ஒரு துண்டு.

வாய்க்குள் உலகம் தெரிந்த கதையில் பலரும் செய்கிற தவறு, யசோதையைக் கும்பிட வைப்பது. பல படங்களில் அவள் கைகூப்பி நிற்கிறாள். மூலத்தில் ஒரு நிமிடம் சரணடைகிறாள் என்பது உண்மைதான், ஆனால் அதை அங்கேயே நிறுத்திவிட்டால் அடுத்த அத்தியாயம் நடக்கவே முடியாது. கடவுளென்று தெரிந்த பிள்ளையை யார் உரலில் கட்டுவார்கள்?

உரல் கதையைப் படிப்படியாகச் சொல்ல வேண்டும். வேலைக்காரிகள் வேறு வேலையில் இருப்பதால் யசோதையே தயிர் கடைகிறாள். குழந்தை வந்து மத்தைப் பிடித்து நிறுத்திப் பால் கேட்கிறான். மடியில் எடுத்துக் கொடுக்கிறாள். அடுப்பில் பால் பொங்குகிறது. பாதியில் இறக்கிவிட்டு ஓடுகிறாள். அவனுக்குக் கோபம், உதடு துடிக்க, கண்ணில் பொய்க் கண்ணீரோடு கல்லை எடுத்துத் தயிர்ப்பானையை உடைக்கிறான். உள்ளே போய்க் கவிழ்த்த உரல்மேல் ஏறி, உறியிலிருந்த வெண்ணெயைக் குரங்குக்குக் கொடுக்கிறான். அவள் கோலோடு வருகிறாள், அவன் ஓடுகிறான், அவள் துரத்துகிறாள், கூந்தல் பூ உதிர்கிறது. பிடித்துவிட்டாள். பயந்திருக்கிறான் என்று கண்டதும் கோலைக் கீழே போட்டுவிடுகிறாள். இது மிக முக்கியம், அடிக்கவில்லை. கட்டப் பார்க்கிறாள், கயிறு 2 விரல் அளவு போதவில்லை. இன்னொன்றை முடிகிறாள், அதுவும் 2 விரல் குறைகிறது. வீட்டிலுள்ள கயிறெல்லாம் சேர்த்தும் அதே 2 விரல். அவளுக்கு வியர்த்துவிட்டது என்று பார்த்த பிறகுதான் அவன் கட்டுப்படுகிறான். கயிறு நீளவில்லை, அவனுக்கு இரக்கம் வந்தது. கயிறு போதாததைக் கண்ணனின் சக்தியாக மட்டும் சொல்லி, வியர்வையை விட்டுவிட்டால் கதை தலைகீழாகிவிடும்.

மதுரகவியாழ்வார் தொடங்குகிற ‘கண்ணிநுண் சிறுத்தாம்பு’ இந்தக் கயிறுதான். முடிச்சுப் போட்ட, மெல்லிய, சின்னக் கயிறு. உரலோடு சேர்ந்து ஏங்கி நின்ற அந்த எளிமையை நினைத்து, ‘எத்திறம்’ (இது என்ன தன்மை!) என்று நம்மாழ்வார் 6 மாதம் மயங்கிக் கிடந்தார் என்பது வைணவ மரபு.

கட்டின உரலை இழுத்துக்கொண்டு போய் இரட்டை மருதமரத்துக்கு நடுவே அதைக் குறுக்காகச் சிக்கவைத்து இழுக்கிறான். மரங்கள் வேரோடு சாய, நாரதர் சாபத்தால் மரமாக நின்ற குபேரன் மகன்கள் நளகூபரனும் மணிக்ரீவனும் வெளிவருகிறார்கள். அந்தச் சாபக் கதையைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சுருக்கிவிடலாம். ஆனால் கட்டை அவிழ்த்தது யார் என்பதைச் சொல்லுங்கள். நந்தகோபர். சிரித்துக்கொண்டே அவிழ்க்கிறார். அம்மா கட்டினாள், அப்பா அவிழ்த்தார்.

இதற்குப் பிறகு ஊர் மாறுகிறது. இந்த இடமாற்றத்தைச் சொல்லாமல் விடுவது பெரிய பிழை, ஏனென்றால் பிறகு வரும் கதைகள் எல்லாம் வேறு ஊரில் நடக்கின்றன. பாகவதத்தில் மூத்தவரான உபநந்தர், பிள்ளைக்கு இங்கே ஆபத்து மேல் ஆபத்தாக வருகிறது, பிருந்தாவனம் போகலாம் என்கிறார். வண்டி பூட்டிப் போய், அங்கே வண்டிகளை அரைவட்டமாக நிறுத்தித் தங்குகிறார்கள். ஹரிவம்சத்தில் காரணம் வேறு. ஊர் நகர வேண்டும் என்று கண்ணன் நினைக்க, அவன் உடம்பிலிருந்து ஓநாய்கள் கிளம்பி ஊரை மிரட்டுகின்றன. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு இந்த ஓநாய்கள் மிகவும் பிடிக்கும்.

பிருந்தாவனத்தில் முதலில் கன்றுகள்தான் மேய்க்கிறார்கள், மாடுகள் அல்ல. கன்றாக வந்த வத்ஸாசுரனைப் பின்னங்காலையும் வாலையும் பிடித்துச் சுழற்றி விளாமரத்தில் எறிகிறான், பழங்கள் உதிர்கின்றன. ‘கன்று குணிலா’ என்று சிலப்பதிகார ஆய்ச்சியர் குரவையும் திருப்பாவையும் சொல்வது இதைத்தான், கன்றையே எறிதடியாக்கினான். தமிழ் மரபில் அந்த விளாம்பழமும் அசுரன். கொக்காக வந்த பகாசுரனைச் சுருக்கமாக முடிக்கலாம்: விழுங்கினான், தொண்டை சுட்டது, கக்கினான், அலகு பிளந்தது.

நிதானமாகச் சொல்ல வேண்டியது அகாசுரன். ஒரு யோசனை, அதாவது பல மைல், நீளத்துக்கு மலைப்பாம்பாக வாயைத் திறந்து கிடக்கிறான். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, இது பிருந்தாவனத்தின் ஏதோ ஓர் அழகு என்று நினைத்து விளையாட்டாக ஒப்பிடுகிறார்கள். மேலுதடு வெயில் பட்ட மேகம் மாதிரி, நாக்கு சாலை மாதிரி, மூச்சு காட்டுத்தீயின் காற்று மாதிரி. நம்மை விழுங்கினால் கண்ணன் கொக்கைச் செய்ததுபோல் இதையும் செய்துவிடுவான் என்று கைகொட்டிச் சிரித்துக்கொண்டே உள்ளே நடக்கிறார்கள். அந்தச் சிரிப்பைக் குறைக்காமல் சொல்லுங்கள்.

தப்பித்ததும் ஆற்று மணலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பூவும் இலையும் மரப்பட்டையும் கல்லும்தான் தட்டு. நடுவில் கண்ணன். புல்லாங்குழலை இடுப்புத் துணியில் செருகி, கொம்பையும் கோலையும் அக்குளில் இடுக்கி, கையில் மென்மையான சோற்றுருண்டை, விரலிடுக்குகளில் தொட்டுக்கொள்ளும் காய்கள். தயிர்ச்சோறு என்பார்கள் உரைகாரர்கள். கன்றுகள் தூரம் போய்விட்டன. நீங்கள் சாப்பிடுங்கள், நான் ஓட்டி வருகிறேன் என்று கையில் சோற்றுருண்டையோடே எழுந்து போகிறான். பிரம்மா கன்றுகளையும் பிள்ளைகளையும் ஒளித்துவைக்கிறார். கண்ணன் தானே அத்தனை கன்றாகவும் அத்தனை பிள்ளையாகவும், அவரவர் கோல், கொம்பு, குரல், குறும்போடு ஆகி வீடுகளுக்குத் திரும்புகிறான். ஒரு வருடம் ஓடுகிறது. தாய்மாருக்குப் பிள்ளைகள்மேல் பாசம் நாளுக்கு நாள் கூடுகிறது. பசுக்கள் புதுக் கன்று இருக்கும்போதே பழைய கன்றைத் தேடி மலையிலிருந்து பாய்ந்து வருகின்றன. வருடம் முடிய ஐந்தாறு நாள் இருக்கும்போது பலராமன் இதைக் கவனிக்கிறான். பிரம்மா தோற்று வணங்கிப் போனபின் கண்ணன் பழைய மணலுக்கு வருகிறான், அதே சோற்றுருண்டையோடு. நண்பர்கள், ‘சீக்கிரம் வந்துவிட்டாயே, நாங்கள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை’ என்கிறார்கள்.

இதனால் ஒரு கணக்குச் சிக்கல் வருகிறது. அகாசுரன் செத்தது கண்ணனின் 5 வயதுக்குள். பிள்ளைகள் அதை ஊரில் வந்து இன்றைக்கு நடந்தது என்று சொன்னது 6ஆம் வயதில். பாகவதத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் பரீட்சித்து மகாராஜா இதைப் பிடித்துக்கொண்டு, அதைச் சொல்லும் சுகரிடம் கேட்கிறார், அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பிரம்மாவின் கதையே வருகிறது. அகாசுரனையும் பிரம்மாவையும் வேறுவேறு நாளில் சொன்னால் இந்த முடிச்சு அவிழாது. ஒரே இருப்பில் சொல்லுங்கள். அரைமணி நேரம் போதும்.

6 வயதானதும் மாடு மேய்க்க அனுமதி கிடைக்கிறது. இங்கே வரும் இரண்டு அசுரர்களைக் கண்ணன் கணக்கில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. பனங்காட்டில் கழுதையாக வந்த தேனுகனைக் கொன்றவன் பலராமன். பிரலம்பனையும் அவனே. தோற்றவர் ஜெயித்தவரை முதுகில் சுமக்க வேண்டும் என்ற விளையாட்டில் கண்ணன் கட்சி தோற்றுப்போகிறது. கண்ணன் ஸ்ரீதாமனைச் சுமக்கிறான். பிள்ளை வேடத்தில் இருந்த பிரலம்பன் பலராமனைச் சுமந்துகொண்டு எல்லையைத் தாண்டி ஓடுகிறான். கண்ணன் தோற்ற விளையாட்டு ஒன்று இருக்கிறது என்பதே குழந்தைகளுக்குப் பெரிய செய்தி.

காளியன் கதை நடந்த அன்று பலராமன் உடன் போகவில்லை. அதனால்தான் வீட்டில் அத்தனை பயம். பாகவதத்தில் காளியன் என்ற அந்த நாகத்துக்கு 101 தலை. நம் செப்புத் திருமேனிகளில் கண்ணன் ஒரு காலைப் படத்தின்மேல் வைத்து, இடது கையில் வாலைப் பிடித்து, வலது கையால் அபயம் காட்டுவான். அந்த அபயத்தைக் கவனியுங்கள். காளியன் சாகவில்லை. அவன் மனைவியர் கேட்டுக்கொண்டதால் உயிரோடு கடலுக்கு அனுப்பப்படுகிறான். கருடனுக்குப் பயந்து யமுனையின் மடுவுக்கு வந்தவன் அவன். தலையில் கண்ணன் பாதச் சுவடு இருப்பதால் இனிக் கருடன் தொடமாட்டான். கொன்றதாகச் சொன்னால் இவ்வளவும் போய்விடும்.

கோவர்த்தனம் தூக்கும்போது வயது 7. ‘ஒரு கையால், சிறுவன் நாய்க்குடையைப் பிடுங்கி நிற்பதுபோல’ என்கிறது மூலம். சுண்டுவிரல் என்பது பின்னால் படங்களிலும் சொல்வழக்கிலும் நிலைத்தது. மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில், 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பத்திலும், அவன் இடது உள்ளங்கையை விரித்து உயர்த்தியே நிற்கிறான். அங்கே மலையைத் தனியாகச் செதுக்கவில்லை. மேலே இருக்கிற பாறையே மலை. பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து பால் கறக்கிறான், பசு கன்றை நக்குகிறது. வெளியே 7 நாள் மழை, உள்ளே அன்றாட வேலை. மதுராவுக்குப் பக்கத்திலுள்ள கோவர்த்தனம் இன்றைக்கு நீண்ட தாழ்ந்த பாறைமேடுதான், வலம் வரச் சுமார் 21 கிலோமீட்டர். வானை முட்டும் மலை என்று சொல்லிப் பழகிவிட்டோம். மூலத்தில் பெரிதாகப் பேசப்படுவது உயரத்தை விட அதன் புல்லும் தண்ணீரும்தான். இந்திரனை விட்டு மலைக்குப் படையல் போடச் சொல்லும்போது கண்ணன் சொல்கிற காரணமும் அதை ஒட்டியதே. நாம் ஊரும் வீடும் உள்ளவர்கள் அல்லர், காட்டிலும் மலையிலும் பிழைப்பவர்கள் என்கிறான்.

அதன்பின் காளையாக அரிஷ்டன், குதிரையாகக் கேசி, பிறகு கண்ணனை மதுராவுக்கு அழைத்துப் போக வரும் அக்ரூரரின் தேர். ஆயர்பாடியில் கண்ணன் இருந்தது 11 ஆண்டுகள் என்று கண்ணனின் தோழர் உத்தவர் வாக்காக 3ஆம் ஸ்கந்தம் கணக்குக் கொடுக்கிறது. கம்சன் வதம் முடிந்து, நந்தகோபர் விடைபெற்று ஊர் திரும்பி, அண்ணனும் தம்பியும் பூணூல் போட்டுக்கொண்டு குரு சாந்தீபனியிடம் 64 நாளில் 64 கலை படிக்கப் போகும் இடத்தில் பால லீலையை நிறுத்தலாம். ஏறு தழுவி நப்பின்னையை மணந்த கதை தமிழில் ஆயர்பாடியிலேயே நடக்கிறது; பாகவதத்தில் 7 காளைகள் வருவது துவாரகைக் காலத்தில், கோசல நாட்டு சத்யாவின் சுயம்வரத்தில். குரவைக்கூத்தைச் சொல்கிற அன்றைக்கு அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.